உடலுக்குள் ஒரு கைகாட்டி



ரயில் பாதையின் ஓரத்தில், உயர்ந்த கம்பம் ஒன்றின் உச்சியில், சிவப்பு வண்ணம் பூசிய பலகைக் கை ஒன்று நீண்டு நிற்பதை உங்கள் பெற்றோர் பார்த்திருப்பார்கள். கை கிடையாக நின்றால் வண்டி நிற்க வேண்டும்; கீழே சாய்ந்தால் வண்டி போகலாம். நம் மக்கள் அதற்குக் கைகாட்டி என்று பொருத்தமான பெயர் வைத்தார்கள். இன்று பெரும்பாலான இடங்களில் அந்தக் கைகாட்டிகள் மறைந்து வண்ண விளக்குகள் வந்துவிட்டன. ரயில் தோன்றுவதற்கு முன்பே பிரான்ஸ் நாட்டில் க்ளோட் ஷாப் என்பவர், கோபுரங்களின் உச்சியில் அசையும் கைகளை அமைத்து, பாரிஸிலிருந்து லீல் நகருக்குச் செய்தி அனுப்பும் முறையை 1794-ல் நடத்திக் காட்டினார். இத்தகைய கைகாட்டிக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் 'ஸெமஃபோர்' என்பது. கிரேக்க மொழியில் 'ஸேமா' என்றால் அடையாளம். 'ஃபோரோஸ்' என்றால் தாங்குவது. அடையாளத்தைத் தாங்கி நிற்பது என்பது அச்சொல்லின் பொருள்.

நான் இன்று பேசப்போவது ரயிலைப் பற்றி அன்று. நம் ஒவ்வொருவர் உடலுக்குள்ளும், தாயின் கருப்பையில் இருக்கும் காலம் தொட்டு, இப்படிப்பட்ட கைகாட்டிகள் வேலை செய்துவருகின்றன. அவை ஒருவகைப் புரதங்கள். கைகாட்டியின் பெயரையே கொண்டு விஞ்ஞானிகள் அவற்றை 'ஸெமஃபோரின்' என்று அழைக்கிறார்கள். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த நாளில் இந்தப் பெயரே பிறக்கவில்லை. இன்று நரம்பு, இதயம், எலும்பு, தோல், இரத்தம் ஆகிய எதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினாலும் இந்தப் புரதக் குடும்பம் குறுக்கிடுகிறது.

முதலில் இதற்கு என்ன தேவை வந்தது என்பதைப் பார்ப்போம். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு நரம்பணுவிலிருந்தும் ஒரு நீண்ட இழை புறப்பட்டுத் தனக்கு உரிய இடத்தைச் சென்று அடைகிறது. அதை நரம்பிழை என்று சொல்வோம். வளர்ந்த மனிதரின் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் தொடங்கிப் பாதத்தின் சிறு தசைகளை அடையும் நரம்பிழை ஏறத்தாழ 1 மீட்டர் நீளம் உடையது. அது முதன்முதலில் புறப்பட்டபோது வழியைக் காட்ட ஒருவரும் இல்லை. வழியில் தசை உண்டு, எலும்பாக மாறவிருக்கும் திசு உண்டு, இரத்தக் குழாய் உண்டு, தன்னைப்போலவே அலையும் வேறு ஆயிரம் இழைகள் உண்டு. இவற்றுக்கிடையே கைக்குப் போக வேண்டிய இழை கைக்கும், காலுக்குப் போக வேண்டிய இழை காலுக்கும் போகின்றன. இஃது எப்படி நிகழ்கிறது?

ஸ்பெயின் நாட்டு அறிஞர் ஸாந்தியாகோ ரமோன் இ கஹால் 1890-ல் கோழிக் கருவின் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, வளரும் நரம்பிழையின் நுனி விரிந்து, ஒரு சிறு கை போல இருப்பதைக் கண்டார். அதனை நாம் வளர்முனை எனலாம். அந்தக் கைக்கு நுண்ணிய விரல்களும் உண்டு. கஹால் கண்டது சாயமேற்றிய, உயிரற்ற திசுவில். ஆயினும் இந்த முனைதான் வழி தேடிச் செல்கிறது என்று அவர் ஊகித்துச் சொன்னார். 1907-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ராஸ் ஹாரிஸன் தவளைக் கருவின் நரம்புத் திசுவைச் சிறு நிணநீர்த் துளியில் உயிரோடு வைத்து, இழை வளர்ந்து நீளுவதைத் தம் கண்ணாலேயே பார்த்தார். கஹால் ஊகித்தது உண்மையாயிற்று.

தவளையின் பார்வை நரம்பை வெட்டினால் அது மீண்டும் வளரும். 1940-க்குப் பின் வந்த ஆண்டுகளில் ரோஜர் ஸ்பெரி என்பவர் நரம்பை வெட்டியதோடு, கண்ணையும் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பார்த்தார். நரம்பு வளர்ந்தது, பார்வையும் வந்தது, ஆனால் ஈ மேலே இருந்தால் தவளை கீழே பாய்ந்தது. இழை ஒவ்வொன்றும், கண் திரும்பிய பின்பும், மூளையில் தன் பழைய இடத்தையே தேடிச் சென்று சேர்ந்திருந்தது. ஆகவே வழியிலும் இலக்கிலும் ஏதோ இரசாயன அடையாளங்கள் இருக்க வேண்டும் என்று ஸ்பெரி முடிவு செய்தார். 1981-ல் அவர் நோபெல் பரிசு பெற்றார். அது மூளையின் இரு பாதிகளைப் பற்றிய அவருடைய வேறோர் ஆராய்ச்சிக்காக.

இனி ஒன்றைக் கவனியுங்கள். நீண்ட காலமாக விஞ்ஞானிகளின் எண்ணம் 'வா' என்று அழைக்கும் பொருள்களைப் பற்றியே இருந்தது. இத்தாலியப் பெண்மணி ரீட்டா லெவி மோன்டால்சினி 1950-க்குப் பின் நரம்பை வளரத் தூண்டும் பொருளைக் கண்டார். அதற்காக 1986-ல் நோபெல் பரிசும் பெற்றார். வளரத் தூண்டும் பொருள் இருந்தால் போதும், நரம்பு தானே வழி தேடிக்கொள்ளும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் ஊரில் எல்லாச் சாலைகளும் திறந்திருந்தால் போதுமா? எங்கே போகக் கூடாது என்பதும் தெரிய வேண்டும் அன்றோ?

அந்தத் தடை அடையாளம் இரு வேறு வழிகளில் கிடைத்தது. ஒரு வழி கண்ணாடித் தட்டில் தொடங்கியது. 1987-ல் காப்ஃபாமர், ரேப்பர் என்னும் இருவர், தட்டில் வளர்ந்த கோழிக் கருவின் நரம்பிழைகளைக் கூர்ந்து கவனித்தார்கள். ஒருவகை இழையின் வளர்முனை, வேறுவகை இழை ஒன்றைத் தொட்டவுடன், விரல்களை மடக்கிச் சுருங்கிவிட்டது. தொட்டாற்சுருங்கி இலை போல எனலாம். தொட்ட பொருளில் ஏதோ ஒன்று 'நில்' என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பொருளைத் தேடிக் கோழிக் குஞ்சின் மூளையைக் கரைத்து, பிரித்து, மீண்டும் பிரித்து, ரேப்பரும் அவருடைய தோழர்களும் 1993-ல் அதைக் கைப்பற்றினார்கள். சுருங்கி விழச் செய்வதால் 'கொலாப்ஸின்' என்று பெயரிட்டார்கள்.

மற்றொரு வழி வெட்டுக்கிளியின் காலில் தொடங்கியது. வெட்டுக்கிளிக் கருவின் காலில் முதன்முதலாக ஓடும் நரம்பிழைகள் ஓரிடத்தில் சட்டென்று திரும்புகின்றன. அமெரிக்காவில் கொலாட்கின், குட்மன் முதலியோர், அந்தத் திருப்பத்தில் தோலணுக்களின் மேல் ஒரு பட்டை போல ஒரு புரதம் அமைந்திருப்பதை 1992-ல் கண்டார்கள். எதிர்ப்பொருளைக் கொண்டு அப்புரதத்தை மறைத்துவிட்டால், இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து செல்லாமல் பிரிந்து, வழி தவறின. 1993-ல் அதே குடும்பத்தைச் சேர்ந்த புரதங்கள் பழ ஈயிலும் மனிதனிலும் இருப்பதை அவர்கள் அறிவித்து, 'ஸெமஃபோரின்' என்ற பெயரைச் சூட்டினார்கள். கோழி மூளையில் கிடைத்ததும் இந்தக் குடும்பத்துப் புரதமே என்பது உடனே விளங்கிற்று. கோழிக் குஞ்சும் வெட்டுக்கிளியும் ஒரே எழுத்தில் எழுதப்பட்ட அறிவிப்புப் பலகையைத்தான் படித்துக்கொண்டிருந்தன.

இப்போது இக்குடும்பத்தை 8 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். பாலூட்டிகளில் மட்டும் 20 ஸெமஃபோரின்கள் உள்ளன. சில, உயிரணுவின் மேற்புறத்தில் கம்பத்தில் மாட்டிய பலகை போல நிற்கும். சில, அணுவிலிருந்து வெளிப்பட்டு அக்கம்பக்கத்தில் பரவும். எல்லாவற்றிலும் ஏறத்தாழ 500 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பொதுப் பகுதி உண்டு. 2003-ல் அதன் வடிவத்தைக் கண்டறிந்தபோது, 7 இதழ்கள் கொண்ட விசிறி போன்ற அமைப்பு தெரிந்தது.

கைகாட்டி இருந்தால் போதாது. அதைப் பார்க்கும் கண் வேண்டும். வளர்முனையின் மேற்பரப்பில் அந்தக் கண்களாக இருப்பவை 'ப்ளெக்ஸின்' என்னும் ஏற்பிகள். பாலூட்டிகளில் அவை 9 உள்ளன. பரவிச் செல்லும் ஸெமஃபோரின்களுள் பெரும்பாலானவற்றை முதலில் பற்றிக்கொடுக்க 'நியூரோபிலின்' என்னும் துணை ஏற்பியும் தேவைப்படுகிறது. செய்தி உள்ளே சென்றதும் என்ன நடக்கிறது? வளர்முனையின் விரல்களுக்கு வலிமை தருவது ஆக்டின் என்னும் புரதத்தால் ஆன நுண்கம்பிகள். ப்ளெக்ஸினோடு இணைந்துள்ள 'மைக்கால்' என்னும் நொதி அந்தக் கம்பிகளின் குறிப்பிட்ட இடங்களில் ஆக்ஸிஜனை ஏற்றி, அவற்றை அவிழ்த்து விடுகிறது என்பதைப் பழ ஈயில் செய்த ஆராய்ச்சிகள் 2010, 2011-ஆம் ஆண்டுகளில் காட்டின. கம்பி அவிழ்ந்தால் விரல் மடங்கும். ஒரு பக்கத்து விரல்கள் மட்டும் மடங்கினால் முனை மறுபக்கம் திரும்பும். பந்தல் கொடி ஒரு பக்கம் கிள்ளப்பட்டால் மறுபக்கம் படர்வது போன்றது இது.

ஆயினும் ஸெமஃபோரின் என்றால் தடை என்று மட்டும் மனப்பாடம் செய்துவிடாதீர்கள். ஒரே கைகாட்டிக்கு, பார்க்கிறவரைப் பொறுத்து வெவ்வேறு பொருள் உண்டு. 1995-ல் ஒரு பரிசோதனை நடந்தது. வலியையும் வெப்பத்தையும் உணர்த்தும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் பின்பகுதியிலேயே நின்றுவிடுகின்றன. தசை நீட்சியை உணர்த்தும் இழைகள் முன்பகுதி வரை செல்கின்றன. முன்பகுதியில் சுரக்கும் ஸெமஃபோரின் 3ஏ, தட்டில் வளர்த்த முதல்வகை இழைகளை விலக்கியது. இரண்டாம் வகையை விலக்கவில்லை. 2000-ல் கண்டது இன்னும் வியப்புக்குரியது. மூளையின் மேலுறைப் பகுதியில் உள்ள ஒரே நரம்பணுவிலிருந்து புறப்படும் நீண்ட நரம்பிழை, மேற்புறத்தில் மிகுந்திருக்கும் ஸெமஃபோரின் 3ஏயைக் கண்டு விலகிக் கீழே செல்கிறது. அதே அணுவின் கிளையிழையோ அதை நோக்கி மேலே வளர்கிறது. ஓர் அணுவின் ஒரு முனைக்கு 'விலகு' என்பது, மறு முனைக்கு 'வா' என்பதாகிறது. அணுவுக்குள் இருக்கும் ஒரு சிறிய செய்திப்பொருளின் அளவு மாறினால், விலக்கல் ஈர்ப்பாக மாறுகிறது என்பதும் 1998-ல் தவளை நரம்பணுவில் தெரியவந்தது.

இவ்வளவும் நரம்பைப் பற்றியது. இயற்கை ஒரு கருவியை ஒரே வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை. இதயத்தை எடுத்துக்கொள்வோம். ஓடும்போது இதயத்தை விரைவுபடுத்தும் நரம்புகள் இதயச் சுவரின் வெளிப்பக்கத்தில் அடர்த்தியாகவும் உட்பக்கத்தில் குறைவாகவும் பரவியுள்ளன. உட்பக்கத்தில் ஸெமஃபோரின் 3ஏ சுரப்பதே இதற்குக் காரணம் என்று 2007-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் சுண்டெலிகளில் காட்டினார்கள். அப்புரதம் அற்ற சுண்டெலிகளில் நரம்பின் ஒழுங்கு குலைந்து இதயத் துடிப்பு மந்தமாயிற்று. அப்புரதம் மிகுதியாகச் சுரக்கும்படி செய்த சுண்டெலிகளில் நரம்பு குறைந்து, இதயத் துடிப்பு தடுமாறித் திடீர் மரணம் நேர்ந்தது. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு.

எலும்பைப் பார்ப்போம். எலும்பு என்பது கட்டி முடித்த சுவர் அன்று. பழையதைக் கரைக்கும் அணுக்களும் புதியதைக் கட்டும் அணுக்களும் அதில் இடைவிடாமல் வேலை செய்கின்றன. கரைக்கும் அணுக்கள் ஸெமஃபோரின் 4டி என்பதை வெளியிட்டு, கட்டும் அணுக்களை நிறுத்தி வைக்கின்றன என்று 2011-ல் தெரிந்தது. கட்டும் அணுக்களோ ஸெமஃபோரின் 3ஏயைச் சுரந்து, கரைப்பவற்றை அடக்கிக் கட்டுமானத்தை வளர்க்கின்றன என்று 2012-ல் தெரிந்தது. ஒரே குடும்பத்தில் ஒருவர் ஒரு பக்கமும் மற்றொருவர் மறுபக்கமும் நின்று தராசைச் சமன் செய்வது போன்றது இது. 3ஏ இல்லாத சுண்டெலிகளின் எலும்பு மிகவும் மெலிந்திருந்தது. முதுமையில் எலும்பு தேய்வதற்கு மருந்து தேடுகிறவர்கள் இந்த இரண்டையும் கவனித்துவருகிறார்கள்.

தோலிலும் இதே கதைதான். தோலின் மேலடுக்கில் உள்ள ஸெமஃபோரின் 3ஏ, நரம்பிழைகள் மேலே ஏறி வராமல் தடுக்கிறது. ஒருவகை நாட்பட்ட ஒவ்வாமைப் படையில் இப்புரதம் குறைந்திருப்பதையும், நரம்பிழைகள் மேலடுக்குவரை ஏறியிருப்பதையும் கண்டிருக்கிறார்கள். அந்நோயில் ஓயாத அரிப்பு ஏன் என்பதற்கு இஃது ஒரு விளக்கம் ஆகிறது.

இளமைப் பருவம் தொடங்குவதற்கும் இக்கைகாட்டிகள் உதவுகின்றன. பருவ வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் சில நரம்பணுக்கள் கருவின் மூக்குப் பகுதியில் பிறந்து, மணம் அறியும் நரம்பின் வழியே நடந்து, மூளைக்குள் சென்று அமர்கின்றன. வழி தவறினால் பருவ வளர்ச்சி தானாக வருவதில்லை. மணம் அறியும் உணர்வும் இருப்பதில்லை. கால்மன் நோய்க்குறி என்று பெயர் பெற்ற இக்குறை உள்ளவர்களுள் சிலரிடம் ஸெமஃபோரின் 3ஏயின் மரபணுவில் மாற்றம் இருப்பதை 2012-ல் கண்டார்கள். மூக்குக்கும் பருவத்துக்கும் என்ன தொடர்பு என்று வியந்த மருத்துவர்களுக்கு, இரண்டும் ஒரே பாதையின் பயணிகள் என்பது விடையாயிற்று.

நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் இம்மொழியைப் பேசுகின்றன. நான் சற்றுமுன் சொன்ன ஸெமஃபோரின் 4டி, 'டி' வகை வெள்ளை அணுக்களின் மேல் இருந்துகொண்டு, எதிர்ப்பொருளை உண்டாக்கும் அணுக்களைத் தூண்டுகிறது. இதை எதிரியும் அறிந்திருக்கிறான்! பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வாக்ஸினியா வைரஸ், ஸெமஃபோரினைப் போன்ற ஒரு புரதத்துக்குரிய மரபணுவைத் தன்னிடம் வைத்திருக்கிறது. அப்புரதம் நம் வெள்ளை அணுக்களின் ப்ளெக்ஸின் ஒன்றைப் பற்றிக்கொள்கிறது. நம் வீட்டின் அறிவிப்புப் பலகையைப் போலவே திருடனும் ஒன்றைச் செய்துவைத்திருக்கிறான் என்று சொல்லலாம்.

புற்றுநோயிலும் இரு பக்கமும் உண்டு. நுரையீரல் புற்றுக்கட்டிகளில் 3-ஆம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி அடிக்கடி இழக்கப்படுகிறது. அப்பகுதியில் ஸெமஃபோரின் 3பி, 3எஃப் ஆகியவற்றின் மரபணுக்கள் இருக்கின்றன. இவை கட்டியின் வளர்ச்சியை அடக்கும் தன்மை உடையவை. மாறாக, ஸெமஃபோரின் 4டி புதிய இரத்தக் குழாய்கள் கட்டிக்குள் வளர உதவக் கூடியது. ஆகவே, 'ஸெமஃபோரின் நல்லதா, கெட்டதா?' என்று கேட்பதில் பயன் இல்லை. எந்த ஸெமஃபோரின், எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எந்த அணுவின் முன்னே என்று கேட்க வேண்டும்.

இந்த இடத்தில் என் பழைய மாணவர் ஒருவர் கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும். நுங்கு வெட்டுவதற்காகப் பனைமரம் ஏறிய அவர், கை நழுவி விழுந்தார். தண்டுவடம் முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே இன்று ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய தம்பிக்கு ஒருமுறை அரிவாள் பட்டு முன்கையில் நரம்பு அறுந்தது. மருத்துவர் அதைத் தைத்துவிட்டார். ஓராண்டுக்குள் விரல்களில் உணர்ச்சி திரும்பிற்று. "ஐயா, அவன் கையில் இருப்பதும் நரம்புதான், என் முதுகில் இருப்பதும் நரம்புதான். அது வளர்ந்தது, இது ஏன் வளரவில்லை?" என்று அவர் என்னைக் கேட்டார். நாற்பது நிமிட வகுப்பில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொன்ன எனக்கு, இதைவிடக் கனமான கேள்வி வந்ததில்லை.

விடையின் ஒரு பகுதி கைகாட்டியில் இருக்கிறது. கையிலும் காலிலும் உள்ள வெளி நரம்புகள் அறுந்தால், தக்க சூழ்நிலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வேகத்தில் மீண்டும் வளரும். அவற்றைச் சுற்றியுள்ள உறையணுக்கள் வழி விட்டு உதவுகின்றன. மூளையிலும் தண்டுவடத்திலும் நிலைமை வேறு. அங்கே காயம் பட்டால் தழும்புத் திசு உண்டாகிறது. அத்தழும்பில் உள்ள அணுக்கள் ஸெமஃபோரின் 3ஏயை உண்டாக்குகின்றன என்பது 1999-ல் எலிகளில் தெரியவந்தது. அறுந்த இழை தழும்பின் விளிம்புவரை வந்து, தடைப் பலகையைக் கண்டு நின்றுவிடுகிறது. கருவில் வழிகாட்டிய அதே புரதம்தான் இங்கே வழியை மறித்து நிற்கிறது.

ஸெமஃபோரின் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. நரம்புகளைச் சுற்றியுள்ள கொழுப்புறையில் வேறு தடைப் பொருள்கள் உண்டு. தழும்பில் சர்க்கரைச் சங்கிலிகள் கோத்த வேறு புரதங்களும் உண்டு. முதிர்ந்த நரம்பணுவுக்கு வளரும் ஆற்றலே குறைவு. ஆயினும் தடைகளுள் ஒன்றை நீக்கினால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டாமா? பூஞ்சணம் ஒன்றிலிருந்து, ஸெமஃபோரின் 3ஏயின் வேலையைத் தடுக்கும் ஒரு பொருளை ஜப்பானியர் பிரித்தெடுத்தார்கள். பெனிசிலின் தந்த பூஞ்சணத்தின் உறவினம் அது. தண்டுவடம் வெட்டப்பட்ட எலிகளுக்கு அப்பொருளைக் கொடுத்தபோது, காயத்தைச் சுற்றி நரம்பிழைகள் மிகுதியாக வளர்ந்தன என்றும், பின்கால்களின் அசைவில் ஓரளவு முன்னேற்றம் இருந்தது என்றும் 2006-ல் அறிவித்தார்கள். 'ஓரளவு' என்ற சொல்லை நீங்கள் மறந்துவிடக் கூடாது. எலி எழுந்து ஓடிவிடவில்லை. இழை வளர்ந்தால் மட்டும் போதாது. சரியான துணையைத் தேடி இணையவும் வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும், காலம் வேண்டும்.

அப்படியானால் இந்தத் தடையை உடல் ஏன் வைத்திருக்கிறது? வளர்ந்த மூளையில் சில நரம்பணுக்களைச் சுற்றி நுண்ணிய வலை போன்ற உறை இருக்கிறது. அந்த வலையில் ஸெமஃபோரின் 3ஏ தங்கியிருக்கிறது. இந்த வலை, ஏற்கனவே அமைந்த இணைப்புகள் மனம்போனபடி மாறாமல் காக்கிறது என்று கருதுகிறார்கள். கற்ற பாடமும் பழகிய நடையும் நிலைக்க வேண்டுமானால், கட்டி முடித்த வழிகளைக் காக்க ஏதேனும் வேண்டும் அல்லவா? எனவே எல்லாக் கைகாட்டிகளையும் பிடுங்கி எறிந்துவிட்டால் நன்மை வரும் என்று சொல்ல முடியாது. காயம் பட்ட அந்த ஓர் இடத்தில், தேவையான அந்தச் சில வாரங்களுக்கு மட்டும், கையைக் கீழே சாய்க்க வேண்டும். மருத்துவத்தின் கடினமே இதில்தான் இருக்கிறது.

மனிதர்களிடமும் சோதனைகள் நடந்துள்ளன. ஸெமஃபோரின் 4டியைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள் ஒன்றை, ஹன்டிங்டன் நோய் என்னும் பரம்பரை மூளை நோயின் தொடக்க நிலையில் இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் அதன் முடிவுகள் வெளியாயின. முதன்மையாக எதிர்பார்த்த பலன் உறுதிப்படவில்லை. ஆனால் மருந்து பெரும்பாலும் தாங்கிக்கொள்ளக் கூடியதாக இருந்தது. மேலும் ஆராய்வதற்குச் சில குறிப்புகளும் கிடைத்தன. செய்தித்தாளில் 'அற்புத மருந்து' என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம், இத்தகைய முடிவுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். எலியில் கிடைத்த நன்மை மனிதனுக்கு வந்து சேரும் பாதை நீண்டது; அதில் திரும்பி வந்தவர்கள் பலர்.

என் மாணவரிடம் நான் இவ்வளவையும் சொன்னேன். மருந்து இருக்கிறது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உன் நரம்பு வளர மறந்துவிட்டது என்று எண்ணாதே, வளர வேண்டிய இடத்தில் தடை நிற்கிறது, அந்தத் தடைகளுள் ஒன்றன் பெயரும் உருவமும் இப்போது தெரியும் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஐயா, அந்த எலிப் பரிசோதனையை எப்படிச் செய்தார்கள், எந்த அளவு கொடுத்தார்கள்? விவரமாகச் சொல்லுங்கள்" என்று கேட்டு, எழுதுகோலை எடுத்தார்.

மாணவர்களே, நாம் படிக்கும் உயிரியலில் 'வளர்' என்று தூண்டும் பொருள்களுக்கே பெருமை மிகுதி. உணவு, ஹார்மோன், ஊக்கி ஆகியவை நமக்கு உடனே நினைவுக்கு வருகின்றன. உடல் உருவாவதற்கு 'இங்கே வராதே' என்று சொல்லும் புரதமும் அதே அளவு தேவை என்பதை ஸெமஃபோரின்கள் காட்டுகின்றன. அச்சொல் தன் இடத்தில் இருந்தால் இதயம் ஒழுங்காகத் துடிக்கிறது, எலும்பு உறுதிப்படுகிறது, தோல் அமைதியாக இருக்கிறது. அதே சொல் இடம் மாறினால், அறுந்த தண்டுவடம் அறுந்தபடியே இருக்கிறது.

இந்த வரலாற்றில் இன்னொன்றும் உண்டு. வெட்டுக்கிளிக் கருவின் காலில் ஒரு நரம்பு ஏன் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களை, 'இதனால் யாருக்கு என்ன லாபம்?' என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால், அவர்களால் விடை சொல்லியிருக்க முடியாது. அந்த வெட்டுக்கிளியின் காலிலிருந்துதான் எலும்புத் தேய்வுக்கும் தண்டுவட முறிவுக்கும் வழி தேடும் ஆராய்ச்சி கிளைத்திருக்கிறது. ஆகவே உங்கள் வகுப்பில் நுண்ணோக்கியின் முன் அமரும்போது, சிறிய உயிரைச் சிறியது என்று தள்ளிவிடாதீர்கள். தழும்பின் விளிம்பில் நிற்கும் அந்த நரம்பிழையைக் கடத்திவிடும் வழி இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அதைத் தேடும் பணியில் உங்களுக்கும் இடம் உண்டு.